வண்ணக் குழலும் வாழ்ந்த மனிதரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற கல்வியாண்டில் எங்கள் துறையின் இயற்பியல் மன்றக் கூட்டம் ஒன்றில் பத்து நிமிடம் பேசுமாறு பணிக்கப்பட்டேன். கலைடாஸ்கோப் என்பது தலைப்பு. மூன்று இரவுகள் கண்விழித்துக் குறிப்பெடுத்தேன். மேடை ஏறினேன், அவைக்கு வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. நா உலர்ந்தது, கை நடுங்கியது, குறிப்புத்தாள் கீழே விழுந்தது. யாரோ சிரித்தார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அன்று மாலை பேருந்தில் ஊர் திரும்பும்போது, நமக்கு ஏன் இந்தப் படிப்பு என்றுகூட எண்ணினேன். ஆனால் எடுத்த குறிப்பு வீணாகக் கூடாதே என்று, அந்தக் குழலைக் கண்டுபிடித்த மனிதரின் வரலாற்றை நூலகத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பு மிகுந்தது. அவரும் மேடையில் தோற்றவர்! அன்று பேச முடியாமற் போனதை இன்று எழுதுகிறேன். அன்று சிரித்த நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வளையல் துண்டுகளின் வித்தை

கலைடாஸ்கோப்பைக் காணாத பிள்ளைகள் நம்மில் யார்? மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகச் சேர்த்து நூலால் கட்டி, ஒரு முனையில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டி, உள்ளே உடைந்த வளையல் துண்டுகளைப் போட்டு, மறு முனையில் சிறு துளை விட்டுப் பார்த்தால், பூவும் விண்மீனும் கோலமும் தோன்றும். குழலைச் சற்றே திருப்பினால் பழைய கோலம் கலைந்து புதிய கோலம் பிறக்கும். கலைந்த கோலத்தை மீண்டும் காண்பது அரிது.

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது எனக்கு இதைச் செய்து கொடுத்தவர் என் தந்தையார். அவர் தச்சுத் தொழிலாளி. சன்னலுக்கு வெட்டி எஞ்சிய கண்ணாடித் துண்டுகளை எடுத்து, ஒரு பக்கம் விளக்குப் புகையைப் பிடித்துக் கறுப்பாக்கிக் கட்டிக் கொடுத்தார். முதலில் கட்டிய குழலில் கோலம் ஓரிடத்தில் ஒட்டாமல் உடைந்து நின்றது. அவர் அதைக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பிரித்து, பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அளந்தார். ஒரு பட்டை மற்ற இரண்டைவிடக் குறுகலாக இருந்தது. மூன்றையும் ஒரே அகலத்தில் வெட்டி மறுபடியும் கட்டினார். கோலம் ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டியது என்று எனக்கு அன்று தெரியாது. அதைச் சொன்னவர் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த சர் டேவிட் புரூஸ்டர் என்பது இப்போது தெரிகிறது.

ஜெட்பர்க்கில் ஒரு சிறுவன்

ஸ்காட்லாந்து நாட்டின் தென்கோடியில், இங்கிலாந்தின் எல்லைக்கு அருகே ஜெட்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே 1781ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் டேவிட் புரூஸ்டர் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் புரூஸ்டர் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர், கண்டிப்பானவர். தாயோ டேவிட்டுக்கு ஒன்பது வயது நிறையுமுன்பே மறைந்துவிட்டார். ஆண்பிள்ளைகள் எல்லாரும் மதகுருமார்களாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம்.

ஊருக்கு வெளியே இன்ச்பானி என்னும் இடத்தில் ஜேம்ஸ் வீச் என்றொருவர் இருந்தார். கலப்பை செய்வது அவர் தொழில். பகலில் உழவர்களுக்குக் கலப்பை. ஓய்வு நேரத்தில் தொலைநோக்கி! பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமலே கணக்கும் வானியலும் தாமாகக் கற்றுக் கொண்டவர் அவர். கண்ணாடியைத் தேய்த்து மெருகிட்டுத் தொலைநோக்கி செய்வதில் வல்லவர். அவருடைய பட்டறையில் மாலை வேளைகளில் இளைஞர்கள் கூடுவர், கேள்விகள் பறக்கும். அக்கூட்டத்தில் மிக இளையவன் டேவிட். பத்து வயதிலேயே தன் கையால் ஒரு தொலைநோக்கி செய்தான் என்றால், அந்தப் பட்டறை அவனுக்கு என்ன கொடுத்தது என்பதை நாம் உணரலாம்.

உலகம் புரூஸ்டரை அறியும். வீச்சை அறிந்தவர் சிலரே. ஆனால் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை அந்த அறிஞருக்குக் கற்றுத் தந்தவர் ஒரு தச்சரே. இதைப் படித்தபோது என் தந்தையாரின் பட்டறையும் மூலைமட்டமும் என் கண்முன் வந்து நின்றன.

மேடை கைவிட்டது, ஏடு கைகொடுத்தது

பன்னிரண்டு வயதில் புரூஸ்டர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ராபிசன், பிளேஃபேர், டூகால்ட் ஸ்டூவர்ட் போன்ற பெரும் பேராசிரியர்களிடம் கற்றார். 1800இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். படிப்பு முடிவதற்குள்ளாகவே, உடன் பயின்ற ஹென்றி புரோகாம் என்பவரின் தூண்டுதலால் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் மனம் சென்றது. தந்தை விரும்பியதோ சமயப் பணி. மகன் அதற்கும் தலை வணங்கினார். 1804இல் சமய உரை ஆற்றும் உரிமையைப் பெற்றார்.

ஆனால் நடந்தது என்ன? நிறைந்த சபைக்கு முன் நின்றதும் அவருக்கு நடுக்கம் வந்துவிடும். அறிவுக்குக் குறைவில்லை, நம்பிக்கைக்குக் குறைவில்லை, ஆயினும் மேடை அவருக்குக் கொடுமையாயிற்று. சில ஆண்டுகள் முயன்றும் அந்த அச்சம் தீரவில்லை. முடிவில் அந்த வழியையே கைவிட்டார். பத்தாண்டுக்கு மேல் படித்த படிப்பு பிழைப்புக்கு உதவாமற் போனது. செல்வர் வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் காலத்தை ஓட்டினார்.

பேச வராதவர் எழுதத் தொடங்கினார். எடின்பரோவில் வெளிவந்த இதழ் ஒன்றுக்கு 1802 முதல் ஆசிரியரானார். 1808இல் எடின்பரோ கலைக்களஞ்சியம் என்னும் பெரும்பணியை ஏற்றார். அது முடிய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. பதினெட்டுத் தொகுதிகளாக 1830இல் நிறைவுற்றது. அறிவியல் கட்டுரைகள் பலவற்றை அவரே எழுதினார். 1810இல் அவருக்குத் திருமணம் ஆயிற்று. மனைவி ஜூலியட், ஆசியன் பாடல்களால் புகழ்பெற்ற ஜேம்ஸ் மக்ஃபெர்சனின் மகள். குடும்பம் பெருகியது; நிலையான வருமானம் இல்லை. எழுதுகோல் சோறு போட்டது. எஞ்சிய நேரத்தில் ஒளி ஆராய்ச்சி நடந்தது.

ஒளியின் கோணம்

இயற்பியல் மாணவர்களாகிய நாம் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைமானியை வைத்துக்கொண்டு புரூஸ்டர் கோணத்தை அளக்கிறோம். அதன் பின்னுள்ள கதையைக் கேளுங்கள்.

1808இல் மாலஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் பாரீசில் லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலைக் கதிரவன் ஒளியை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப, தெரிந்த இரண்டு பிம்பங்களின் ஒளி மாறி மாறிக் கூடியும் குறைந்தும் வந்தது. எதிரொளித்த ஒளி சாதாரண ஒளியன்று. அது ஒரு தளத்தில் அடங்கிய ஒளி என்று அவர் கண்டார். ஒவ்வொரு பொருளிலும் எந்தக் கோணத்தில் இது முழுமையாக நிகழும் என்பதற்கு அவரால் ஒரு விதி காண முடியவில்லை. 1812இல் அவர் இளம் வயதிலேயே இறந்துவிட்டார்.

புரூஸ்டர் விட்ட இடத்தில் தொடர்ந்தார். கண்ணாடி, நீர், பல்வேறு படிகங்கள் என ஒவ்வொன்றாக அளந்தார். 1815இல் விதியை வெளியிட்டார். அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு, பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்குச் சமம். நீருக்கு ஏறக்குறைய 53 டிகிரி. சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 57 டிகிரி. அந்தக் கோணத்தில் எதிரொளித்த கதிரும் உள்ளே விலகிச் சென்ற கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும். எவ்வளவு எளிய விதி! எத்தனை நாள் உழைப்பு! பிற்காலத்தில் லேசர்க் கருவிகளின் சன்னல்கள் இந்தக் கோணத்தில் சாய்த்து அமைக்கப்பட்டன. நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தடுக்கும் கண்ணாடிகள் வேலை செய்வதும் இந்த உண்மையால்தான்.

அதே 1815இல் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிக் காப்ளி பதக்கமும் அளித்தது. 1818இல் ரம்ஃபோர்ட் பதக்கம் கிடைத்தது. ஆனால் அறிஞர் அவையிலன்றி மக்கள் நாவில் அவர் பெயர் ஏறியது வேறொன்றால்.

கண்ணாடிக்குள் ஒரு மலர்

1814இல் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒளி பலமுறை எதிரொளித்து வருவதை அவர் ஆராய்ந்து கொண்டிருந்தார். தகடுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்திருந்தபோது மெழுகுவத்திச் சுடரின் பிம்பங்கள் வட்டமாக வரிசை பிடித்து நிற்பதைக் கண்டார். இன்னொருவராயின் அழகென்று வியந்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். புரூஸ்டர் ஏனென்று கேட்டார்.

அவர் கண்ட விடை மூன்று நிபந்தனைகளில் அடங்கும். முதலாவது, இரு கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட கோணம் 360 டிகிரியை மீதியின்றி வகுக்க வேண்டும்; ஈவும் இரட்டைப்படையாக இருந்தால்தான் எந்தப் பொருளை வைத்தாலும் கோலம் ஒட்டும். 60 டிகிரி என்றால் ஆறு இதழ். 45 என்றால் எட்டு. 30 என்றால் பன்னிரண்டு. இரண்டாவது, பொருள் கண்ணாடிகளின் முனையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்; இடைவெளி விட்டால் இதழ்கள் பொருந்தா. மூன்றாவது, கண் மறுமுனையில் கண்ணாடிகள் கூடும் மூலைக்கு அருகே இருக்க வேண்டும். இல்லையேல் இதழ்களின் ஒளி ஒரே சீராக அமையாது.

என் தந்தையாரின் முதல் குழலில் கோலம் உடைந்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது. மூன்று பட்டைகளும் சம அகலமாயிருந்தால் மூலைதோறும் 60 டிகிரி. ஒன்று குறுகினால் கோணம் பிசகும். பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோலம் கெடும். டிகிரிக் கணக்கு அறியாத என் தந்தையார் கைப்பழக்கத்தால் கண்டதைப் புரூஸ்டர் கணக்கால் நிறுவினார்.

1816இல் கருவி முழு வடிவம் பெற்றது. பெயர் வைப்பதிலும் அவர் கவனம் செலுத்தினார். அழகு, வடிவம், காணுதல் என்னும் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களை இணைத்துக் கலைடாஸ்கோப் என்றார். அழகிய வடிவங்களைக் காட்டுவது என்பதே அதன் நேர்ப்பொருள். எப்போதும் மாறுவது என்ற கருத்து அந்தப் பெயரில் எங்குமே இல்லை என்பதை நண்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அதைப் பின்னர் கூறுவேன்.

ஊரெல்லாம் குழல், உரியவர்க்கு ஒன்றுமில்லை

1817இல் புரூஸ்டர் காப்புரிமை பெற்றார். பர்மிங்காமில் இருந்த பிலிப் கார்ப்பென்டர் என்னும் கருவி செய்பவரிடம் உற்பத்தியை ஒப்படைத்தார். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. லண்டன் வணிகரிடம் காட்டப்பட்ட மாதிரியிலிருந்து குழலின் இரகசியம் வெளியே பரவியது. தகரம் அடிப்பவர் முதல் அட்டை ஒட்டுபவர் வரை எல்லாரும் செய்து விற்கலாயினர். மூன்றே மாதங்களில் லண்டனிலும் பாரீசிலுமாக இரண்டு இலட்சம் குழல்கள் விற்றதாகக் கணக்குச் சொல்வர். கார்ப்பென்டர் ஒருவரால் அந்தத் தேவையை ஈடுகட்ட இயலவில்லை; பிறருக்கும் அனுமதி வழங்க வேண்டியதாயிற்று.

இரண்டு இலட்சம் விற்ற கருவிக்கு உரியவர் செல்வராகியிருக்க வேண்டும் அல்லவா? அவருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். காப்புரிமை தாளில் நின்றது. காசு தெருவில் போனது. அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. விற்ற குழல்களில் கோணம் சரியாக அமைந்தவை மிகச் சிலவே. உடைந்த கோலத்தைப் பார்த்து இதுதான் கலைடாஸ்கோப் என்று மக்கள் நினைத்தார்களே என்று அவர் மனம் நொந்தார்.

துன்பம் அத்துடன் முடியவில்லை. இது புதிதன்று, முன்னோர் கண்டதே என்று சிலர் வாதிட்டனர். சாய்ந்த கண்ணாடிகளில் பிம்பங்கள் பெருகுவதைப் பதினேழாம் நூற்றாண்டின் கிர்ச்சர் அறிந்திருந்தார். தோட்ட அமைப்புக்குக் கண்ணாடிகளைப் பயன்படுத்தும் முறையை பிராட்லி 1717இல் எழுதியிருந்தார். புரூஸ்டர் சளைக்கவில்லை. பொருளையும் கண்ணையும் வைக்க வேண்டிய இடங்களை அவர்கள் யாரும் கூறவில்லை என்று எடுத்துக்காட்டினார். நீராவி எந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் உள்ளிட்ட அறிஞர்கள் அவர் பக்கம் சான்று அளித்தனர். 1819இல் கலைடாஸ்கோப்பைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதி வெளியிட்டார்.

அந்நூலில் அவர் தம் கருவியை விளையாட்டுப் பொருளாக மட்டும் கருதவில்லை என்பது தெரிகிறது. கம்பளம் நெய்வோர், கட்டடங்களுக்கு அணி செய்வோர், வண்ணக் கண்ணாடி தீட்டுவோர் ஆகிய தொழிலாளர்களுக்குப் புதுப்புது வடிவங்களை இந்தக் குழல் நொடியில் தரும் என்பது அவர் நம்பிக்கை. பட்டறையில் வளர்ந்த பிள்ளை பட்டறையை மறக்கவில்லை.

சொல்லுக்குப் பிறந்த புதுப்பொருள்

குழல் கைக்குக் கை மாறியது. சொல்லோ வாய்க்கு வாய் மாறியது. கவிஞர் பைரனுக்கு அவருடைய பதிப்பாளர் ஒரு கலைடாஸ்கோப்பை அனுப்பி வைத்தார். 1819இல் வெளிவந்த தம் நெடுங்கவிதை ஒன்றில், கப்பல் உடைந்து நடுக்கடலில் தவிக்கும் மாலுமிகள் வானில் காணும் வானவில்லை அந்தக் குழலோடு பைரன் ஒப்பிட்டார். காப்புரிமை பெற்று இரண்டே ஆண்டுகளில் கருவியின் பெயர் உவமையாகிவிட்டது! 1863இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், நகரக் கூட்டத்தில் கலந்து அதன் பல்வகைத் தோற்றங்களையும் உள்வாங்கும் மனிதனை அறிவு படைத்த கலைடாஸ்கோப்பாகக் கண்டார்.

இன்று ஆங்கிலத்தில் அச்சொல் ஓயாமல் மாறும் காட்சி, பலவும் கலந்த தொகுதி என்னும் பொருளில் வழங்குகிறது. அரசியல் நிலையும், பட்டணத்துத் தெருவும், மனிதனின் நினைவும் கலைடாஸ்கோப் எனப்படுகின்றன. பல்சுவைச் செய்திகளுக்கும் அதையே தலைப்பாக இடுகிறார்கள்.

உருவகப் பொருள் அழகியதே. ஆயினும் இயற்பியல் மாணவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. மாற்றம் என்ற பாதியை எடுத்துக்கொண்ட உலகம், மற்றொரு பாதியை விட்டுவிட்டது. குழலுக்குள் மாறுவது எது? துண்டுகள் விழும் இடம் மட்டுமே. துண்டுகள் அவையே, புதிதாக ஒன்றும் சேர்வதில்லை. கண்ணாடிகளும் அசைவதில்லை, அவற்றின் கோணம் பிசகுவதில்லை. அந்தக் கோணம் உறுதியாக நிற்பதால்தான் எப்படி விழுந்தாலும் கோலமாகிறது. கண்ணாடியை எடுத்துவிட்டுப் பாருங்கள்; மிஞ்சுவது உடைந்த வளையல்தான்.

கலங்கரை விளக்கும் இரட்டைக் கண்ணும்

புரூஸ்டரின் உழைப்பு குழலோடு முடியவில்லை. பெரிய ஒளிவில்லையை ஒரே கண்ணாடியில் வார்க்காமல், வளையம் வளையமாகத் துண்டுகளால் கட்டலாம் என்று கலைக்களஞ்சியப் பணியின்போதே எழுதினார். பிரான்சில் ஃபிரெனெல் அதே வகையான வில்லையைத் தாமாகவே உருவாக்கி 1823இல் கார்துவான் கலங்கரை விளக்கத்தில் பொருத்தினார். பிரிட்டனிலோ பழைய எதிரொளிப்புத் தட்டுகளே இருந்தன. வில்லைகளை ஏற்க வேண்டும் என்று புரூஸ்டர் ஓயாது எழுதினார், வாதாடினார். 1835இல் இன்ச்கீத் தீவின் விளக்கத்தில் வில்லை ஏறியது. கடலில் காக்கப்பட்ட உயிர்களுக்குக் கணக்கு ஏது!

1849இல் வில்லைகள் கொண்ட ஸ்டீரியோஸ்கோப் ஒன்றை அமைத்தார். இரு கண்களுக்கு இரு படங்களைக் காட்டிப் பொருளின் கனத்தையும் ஆழத்தையும் தோன்றச் செய்யும் கருவி அது. அதன் அடிப்படையை 1838இல் கண்ணாடிகளைக் கொண்டு விளக்கியவர் வீட்ஸ்டன். எளிதாகக் கையில் பிடிக்கும் வடிவம் தந்தவர் புரூஸ்டர். பாரீஸ் நகரத் துபாஸ்க் அதைச் செய்தார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்காட்சியில் விக்டோரியா அரசியார் அதைக் கண்டு வியந்தார். பின்னர் அது வீடுதோறும் சென்றது.

1831இல் யார்க் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகம் தோன்ற முதன்மையாக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் நியூட்டனின் வரலாற்றை எழுதினார். 1855இல் அதனை இரு பெருந்தொகுதிகளாக விரித்தார். நியூட்டனின் கையெழுத்துப் படிகளில் இரசவாதக் குறிப்புகளைக் கண்டபோது தம் வழிபாட்டுக்குரியவர் இப்படியும் எழுதினாரா என்று திகைத்தார், ஆனால் மறைக்கவில்லை.

குறையும் நிறையும்

பெரியோர் வரலாறு என்றால் புகழ்மாலை மட்டும் சூட்டுவது நம் வழக்கம். அது அறிவியலுக்கு ஒவ்வாது. புரூஸ்டருக்கு முன்கோபம் உண்டு. வாதத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். வீட்ஸ்டனோடும் கலங்கரை விளக்கப் பொறியாளர்களோடும் அவருக்குக் கசப்பு நேர்ந்தது. அதைவிடப் பெரிய குறை ஒன்று. ஒளி அலை வடிவானது என்று யங், ஃபிரெனெல் ஆகியோர் நிறுவிய பின்னும், நியூட்டனின் துகள் கொள்கையை விட அவருக்கு மனம் வரவில்லை. அலைக் கொள்கைக்குத் துணைநிற்கும் சோதனைகள் பலவற்றைத் தம் கையால் செய்தவர், அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. கோணத்தை அவ்வளவு நுட்பமாக அளந்த கண், இதைக் காண மறுத்தது.

வாழ்க்கை அவரை மென்மையாக நடத்தவுமில்லை. 1828இல் மகன் சார்லஸ் நீரில் மூழ்கி இறந்தான். 1833இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். ஐம்பத்தொரு வயது, மூன்று பதக்கங்கள், உலகப் புகழ். பதவி கிடைத்ததோ, அவருடைய ஊக்கத்தில் வளர்ந்த ஜேம்ஸ் ஃபார்ப்ஸ் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞருக்கு.

1838இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கல்லூரியின் முதல்வரானார். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டபோது மனச்சான்றின்படி சுதந்திரச் சபையின் பக்கம் நின்றார். அதைக் காட்டி அவர் பதவியைப் பறிக்க முயன்றார்கள், முயற்சி பலிக்கவில்லை. அதே காலத்தில் அவர் டால்பட்டின் புகைப்பட முறையை அவ்வூரில் பரப்பினார்; ஓவியர் ஹில்லையும் ஆடம்சனையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி, புகைப்படக் கலையின் தொடக்க கால மேதைகள் உருவாகக் காரணமானார்.

1859இல், பேராசிரியர் பதவியை முன்பு மறுத்த அதே எடின்பரோ பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல்வராக்கியது. எழுபத்தேழு வயதில் அந்த மரியாதை வந்து சேர்ந்தது. சாகும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், மெல்ரோஸ் அருகே தம் இல்லத்தில், எண்பத்தாறாம் வயதில் காலமானார். மெல்ரோஸ் மடாலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டே அவர் மகள் தந்தையின் இல்வாழ்வை ஒரு நூலாக எழுதி உலகுக்கு அளித்தார்.

நிறைவுரை

மதகுருவாகத் தோற்றவர், ஏட்டாசிரியரானார். காப்புரிமையில் தோற்றவர், நூலாசிரியரானார். பேராசிரியர் பதவியில் தோற்றவர், முதல்வரானார். ஒவ்வொரு முறையும் அவர் கையில் இருந்தவை அதே துண்டுகள்தாம்: கண்ணாடி, ஒளி, எழுதுகோல். வாழ்க்கை குழலைத் திருப்பியது. துண்டுகள் சிதறி விழுந்தன. உள்ளே உழைப்பு என்னும் கண்ணாடி கோணம் பிசகாமல் நின்றது. ஆகவே கோலம் அமைந்தது.

மேடையில் நடுங்குபவர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. வீட்டில் யாரும் மேடை ஏறியதில்லை, ஏறியவரைக் கண்டதுமில்லை. நடுக்கம் வருவது இயல்பே. ஆனால் அதைக் காரணம் காட்டிப் படிப்பை விடுவதா? பேச வராவிட்டால் எழுதுவோம். எழுத வராவிட்டால் கருவி செய்வோம். நடுக்கம் தீரும்வரை காத்திருந்தால் புரூஸ்டர் ஒன்றுமே செய்திருக்க முடியாது.

இக்கட்டுரையை எழுதி முடித்த இரவு, மூன்று நிபந்தனைகளையும் என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். கலப்பை செய்த வீச்சைப் பற்றியும் சொன்னேன். வீச்சின் பெயரை மட்டும் அவர் இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எழுந்து போய், சன்னல் வேலையில் மிஞ்சிய கண்ணாடி ஏதேனும் கிடக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.

இயற்பியல் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் அந்தக் குழலோடு மீண்டும் மேடை ஏறுவதாக இருக்கிறேன். நா உலர்ந்தால், குழலை அவையில் சுற்றுக்கு விடுகிறேன். எனக்காக அது பேசட்டும்.